வின் ரேட் டேபிளைப் பார்த்து ஆர்மி வாங்கப் போறீங்களா? கொஞ்சம் நில்லுங்க

பிளாஸ்டிக் பொம்மைப் படையை நாமே ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, மேசைல வச்சு டைஸ் உருட்டி மோதற ஆட்டம் வார்ஹேமர் 40,000. அது பக்கம் புதுசா வர்றவங்க ரெண்டாவது வாரத்துலயே கேக்கற கேள்வி ஒண்ணுதான், "இப்ப எந்த ஆர்மி ஸ்ட்ராங்கு?" உடனே யாராவது ஒருத்தர் வின் ரேட் டேபிளோட, அதாவது எந்த ஆர்மி எத்தனை சதவீதம் கேம் ஜெயிக்குதுங்கற பட்டியலோட, ஸ்கிரீன்ஷாட்டைத் தூக்கிப் போடுவாரு, அதுல மேல 57ன்னு ஒரு ஃபேக்ஷன் (ஆர்மி வகை) இருக்கும், கீழ 43ன்னு ஒண்ணு கிடக்கும், புதுசா வந்தவரு மேல இருக்கறதைக் கார்ட்டுல போட்டுட்டுப் போயிடுவாரு. நானும் அப்படித்தான் போனேன். பெட்டி வந்து, ஸ்ப்ரூங்கற பிளாஸ்டிக் சட்டத்துலேருந்து ஒவ்வொண்ணா வெட்டி, ஒட்டி, பிரைமர் அடிச்சு, பாதி பெயிண்ட் முடிக்கறதுக்குள்ள பாயிண்ட்ஸ், அதாவது ஒவ்வொரு யூனிட்டுக்கும் கேம்ல போட்டிருக்கற விலை, ஏறி, 2,000க்குக் கச்சிதமா இருந்த லிஸ்ட் 2,000ஐத் தாண்டிப் போச்சு, எதை வெளிய எடுக்கறதுன்னு பாத்தா ஏற்கனவே பெயிண்ட் அடிச்சு முடிச்சதைத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. எந்த ஆர்மின்னு சொல்ல மாட்டேன், வெக்கமா இருக்கு.

அந்த டேபிளைப் படிக்கறது எப்படி, அதுலேருந்து ஒரு ஆர்மி எடுத்து முதல் டோர்னமென்ட் வரைக்கும் போறது எப்படின்னு எனக்கு அப்ப யாராவது சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்னு தோணுச்சு, அதான் எழுதறேன். இங்க சொல்ற விதியெல்லாம் 2023 ஜூன்ல வந்த 10ஆவது எடிஷனை வச்சு. 2014, 2017, 2020, 2023னு மூணு மூணு வருஷத்துக்கு ஒரு எடிஷன் வந்திருக்கு, அதனால நீங்க படிக்கும்போது விதி கொஞ்சம் மாறியிருக்கலாம், ஆனா டேபிளைப் படிக்கற விதம் மாறாது.

முதல்ல: கேம் எப்படி ஜெயிக்குதுன்னு புரிஞ்சுக்கங்க

இது தெரியாம வின் ரேட் பாத்து ஒரு பிரயோஜனமும் இல்ல. டோர்னமென்ட்ல வழக்கமா ஆளுக்கு 2,000 பாயிண்ட்ஸ், 60க்கு 44 இன்ச் போர்டு, ஒரு கேமுக்கு அஞ்சு ரவுண்டு. எதிராளியோட பொம்மையை எல்லாம் கொன்னு குவிச்சா ஜெயிச்சிடலாம்னு நினைப்பீங்க, அப்படி இல்ல. மொத்தம் 100 மார்க், அதுல 50 வரைக்கும் பிரைமரி மிஷன், பெரும்பாலும் ஆப்ஜெக்டிவை, அதாவது போர்டுல மார்க்கர் வச்ச இடத்தை, பிடிச்சு வச்சுக்கறதுக்கு, 40 வரைக்கும் செகண்டரிங்கற கூடுதல் மிஷன், மிச்சம் 10 மார்க் உங்க ஆர்மி முழுக்க பெயிண்ட் அடிச்சிருந்தாலே கிடைக்கும். ஆமா, பெயிண்டுக்கு 10 மார்க். முழுசா பெயிண்ட் அடிக்காம வர்றவர் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 10 பின்னாடி நிக்கறாரு, நெருக்கமான கேம்ல அதுவே தோல்வி.

ஆப்ஜெக்டிவ் யாரோடதுன்னு எப்படி முடிவாகுதுன்னா, மார்க்கருக்கு 3 இன்ச்சுக்குள்ள நிக்கற ஒவ்வொரு மாடலோட ஓசி (ஆப்ஜெக்டிவ் கன்ட்ரோல்) நம்பரையும் கூட்டிப் பாப்பாங்க, யாருது ஜாஸ்தியோ அவருக்கு. ஸ்பேஸ் மரீன்ஸ் ஆர்மில சாதாரண சிப்பாயான இன்டர்செஸருக்கு ஓசி 2, அதைவிட தடியா இருக்கற டெர்மினேட்டருக்கு ஓசி 1. அடிச்சா சாகாத ஆளை நடுவுல நிறுத்திட்டா போதும்னு நினைக்கறவர், பத்து சாதா ஆளுங்க பக்கத்துல ஓடி வந்து நின்னதும் ஆப்ஜெக்டிவை விட்டுடுவாரு. ஒரு ஃபேக்ஷன் "ஸ்ட்ராங்"னா இந்த மார்க் எடுக்கற வேலைல ஸ்ட்ராங்கான்னுதான் கேக்கணும், பெரிய துப்பாக்கி இருக்கான்னு இல்ல.

அடுத்து: அந்த சதவீதம் எங்கேருந்து வருது

டோர்னமென்ட் நடத்தறவங்க பெஸ்ட் கோஸ்ட் பேரிங்ஸ் மாதிரி ஆப்ல யாரு எந்த ஃபேக்ஷன், யாரு யாரை எத்தனை மார்க்ல ஜெயிச்சாங்கன்னு ஏத்துவாங்க. ஸ்டாட் செக், கூன்ஹேமர் மாதிரி ஆளுங்க அதை எடுத்து வாராவாரம் கூட்டிக் கழிச்சு டேபிள் போடுவாங்க. அதே ஃபேக்ஷன் அதே ஃபேக்ஷனோட மோதுன கேமை ஒழுங்கா கணக்கு போடறவங்க தள்ளிடுவாங்க, ஏன்னா அதுல எப்பவும் ஒருத்தர் ஜெயிச்சு ஒருத்தர் தோப்பார், கணக்குல சேத்தா நம்பர் 50 பக்கம் இழுத்துட்டு வந்துடும். எல்லாரும் ஆடற பாப்புலர் ஃபேக்ஷனுக்கு இது ரொம்பவே வித்தியாசம் காட்டும். அதனால டேபிளுக்குக் கீழ சின்ன எழுத்துல இந்த மாதிரி கேமை (மிரர் கேம்னு சொல்வாங்க) சேத்தாங்களா இல்லையான்னு எழுதியிருக்கும், முதல்ல அதைப் படிங்க.

கேமைத் தயாரிக்கற கேம்ஸ் வொர்க்ஷாப், நாட்டிங்ஹாம் கம்பெனி, அவங்களும் இதையெல்லாம் பாக்கறாங்க. 45லேருந்து 55க்குள்ள ஒரு ஃபேக்ஷன் இருந்தா சரியா இருக்குன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. அதனால 53க்கும் 48க்கும் நடுவுல தலையைப் பிச்சுக்காதீங்க, ரெண்டும் நல்ல ஆர்மிதான்.

எத்தனை கேம்னு பாருங்க, இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க

ஐபிஎல்ல ஒருத்தர் மூணு பால் ஆடி ரெண்டு சிக்ஸ் அடிச்சா ஸ்ட்ரைக் ரேட் 400. அவரை ஓப்பனிங் இறக்குவீங்களா? இங்கயும் அதேதான். வாராந்திர டேபிள்ல சின்ன ஃபேக்ஷன் ஒண்ணு 63ன்னு மேல நிக்கும், பக்கத்துல பாத்தா 30 கேம்தான் ஆடியிருப்பாங்க.

எளிமையான கணக்கு ஒண்ணு சொல்றேன், பள்ளிக்கூட கணக்கு போதும். கேம் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தை எடுத்து 100ஐ அதால வகுங்க. வர்றதுதான் அந்த நம்பர் மேலயும் கீழயும் ஆடக்கூடிய தூரம். 100 கேம்னா 10, அதாவது 55ன்னு போட்டிருந்தா நிஜம் 45லேருந்து 65 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். 400 கேம்னா 5. 30 கேம்னா 18, அந்த 63க்கு அர்த்தமே இல்ல, நிஜத்துல 45ஆவும் இருக்கலாம், 80ஆவும் இருக்கலாம். 1,000 கேம் தாண்டினாத்தான் ஆட்டம் 3க்கு வரும். அதனால ஒரு வார டேபிளைத் தூக்கிப் போட்டுட்டு, கடைசியா விதி மாறுன நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் சேத்து கணக்கு போட்ட டேபிளைத் தேடுங்க, பெரும்பாலான இடத்துல அந்த ஃபில்டர் இருக்கும்.

யாரு ஆடறாங்க

ஸ்பேஸ் மரீன்ஸ் நம்பர் பல மாசம் சாதாரணமா இருக்கும். அது மோசமான ஆர்மின்னு அர்த்தம் இல்ல. ஸ்டார்ட்டர் பாக்ஸ் வாங்குற எல்லார் கையிலயும் ஸ்பேஸ் மரீன்ஸ் இருக்கு, 10ஆவது எடிஷன் ஆரம்பிச்ச லெவையதன் பாக்ஸ்லயும் ஒரு பக்கம் ஸ்பேஸ் மரீன்ஸ், இன்னொரு பக்கம் டிரானிட்ஸ். ஆக முதல் டோர்னமென்ட்டுக்கு வர்றவங்கள்ல நிறைய பேரு அதைத்தான் தூக்கிட்டு வர்றாங்க, முதல் டோர்னமென்ட்ல யாரா இருந்தாலும் அடி வாங்குவாங்க, அந்த அடி எல்லாம் ஃபேக்ஷன் கணக்குல ஏறிடுது. இன்னொரு பக்கம் ஜீன்ஸ்டீலர் கல்ட்ஸ் மாதிரி ஆடறதுக்கே கஷ்டமான ஃபேக்ஷன் இருக்கு, அதை ஆடறவங்க கொஞ்சம் பேரு, ஆனா வருஷக்கணக்கா அதையே கட்டிக்கிட்டு இருக்கறவங்க. அந்த நம்பர் ஆர்மியோட நம்பரா, ஆடறவரோட நம்பரான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. நீங்க அதை வாங்கினா அவங்க நம்பர் உங்களுக்கு வந்துடாது.

இது தலைகீழாவும் நடக்கும். ஏதாவது ஒரு ஃபேக்ஷன் மேல ஏறுதுன்னு தெரிஞ்சதும் டாப் பிளேயர்ஸ் எல்லாம் நண்பர்கிட்ட கடன் வாங்கியாவது அதுக்குத் தாவிடுவாங்க, அப்புறம் நம்பர் இன்னும் ஏறும், ஆர்மி ஏறுனதைவிட ஆளு ஏறுனதுதான் ஜாஸ்தியா இருக்கும்.

தேதி பாருங்க

மாற்றம் ரெண்டு வழியில வரும். ஒண்ணு பாயிண்ட்ஸ், அதுக்குன்னு முனிடோரம் ஃபீல்ட் மேனுவல்னு ஒரு இலவச பிடிஎஃப் இருக்கு. இன்னொண்ணு விதியவே மாத்தறது, அது பேலன்ஸ் டேட்டாஸ்லேட், 2021 கடைசிலேருந்து வருது. ரெண்டும் ஏறக்குறைய மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு வச்சுக்கலாம். டேட்டாஸ்லேட் வந்ததுக்கு முன்னாடி எடுத்த டேபிள் போன தேர்தல் ரிசல்ட் மாதிரி, சுவாரஸ்யமா இருக்கும், ஆனா இப்ப ஆட்சி வேற.

பாயிண்ட்ஸ் ஏறினா எவ்வளவு வலிக்கும்னு ஒரு சின்ன கணக்கு. ஒரே டேட்டாஷீட்டை, அதாவது ஒரே வகை யூனிட்டை, மூணு தடவைதான் எடுக்கலாம், பேட்டில்லைன்னு போட்ட அடிப்படை யூனிட்னா ஆறு. யூனிட்டுக்கு 10 பாயிண்ட்ஸ் ஏறினா ஒண்ணு வச்சிருக்கறவருக்கு ஒண்ணும் ஆகாது, ஆறு வச்சிருக்கறவருக்கு 60 போச்சு, அது கிட்டத்தட்ட ஒரு யூனிட். அதனால ஒரே சாமானை மூணு மூணா வாங்கற லிஸ்ட் எப்பவும் ஆபத்துல இருக்கும், நெர்ஃப், அதாவது பலத்தைக் குறைக்கற மாற்றம், வரும்போது முதல் அடி அதுக்குத்தான் விழும். இதை நான் பணம் குடுத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

விதி தப்பா இருந்தா பாயிண்ட்ஸ் ஏத்தி மட்டும் சரி பண்ண முடியாது, அதுக்கு ஏல்டாரி ஃபேக்ஷன் கதைதான் நல்ல உதாரணம். 2023 ஜூன்ல எடிஷன் வந்தப்ப ஏல்டாரிக்கு ஃபேட் டைஸ்னு ஒண்ணு இருந்துச்சு, ஆட்டம் ஆரம்பிக்கும்போதே 12 டைஸை உருட்டி ஓரமா வச்சுக்கலாம், பின்னாடி வேணுங்கறப்ப உருட்டறதுக்குப் பதிலா அதுலேருந்து ஒண்ணு எடுத்து வச்சுக்கலாம். தாயம் ஆடும்போது முன்கூட்டியே போட்ட தாயத்தை மடியில கட்டி வச்சுக்கிட்டு தேவைப்படும்போது எடுத்து விடற மாதிரி. இது மட்டும்னா பரவால்ல. அதே எடிஷன்ல டெவாஸ்டேட்டிங் வூண்ட்ஸ்னு இன்னொரு விதி, அடி காயமாகுதான்னு உருட்டற வூண்ட் ரோல்ல 6 விழுந்தா எதிராளிக்கு சேவ், அதாவது தப்பிக்கற உருட்டு, கிடையாது, டேமேஜ் ஒரு ஆளைக் கொன்னுட்டு மிச்சம் அடுத்த ஆளுக்கும் வழிஞ்சு போகும். ரெண்டையும் சேத்துப் பாருங்க, ரெய்த்நைட் மாதிரி ராட்சச சைஸ் ஆளோட பெரிய பீரங்கிக்கு மடியிலேருந்து ஒரு 6 எடுத்து வச்சா முடிஞ்சுது, எதிராளி டைஸைக் கையில எடுக்கவே தேவையில்ல.

வின் ரேட் 60க்கு மேல போச்சு. சில வாரத்துலயே பாயிண்ட்ஸ் ஏத்துனாங்க, அப்பவும் அடங்கல, ஏன்னா கோளாறு விலைல இல்ல, விதில. செப்டம்பர் டேட்டாஸ்லேட்ல டெவாஸ்டேட்டிங் வூண்ட்ஸ் வழிஞ்சு போறதை நிறுத்துனாங்க, ஃபேட் டைஸ்லயும் கை வச்சாங்க, அதுக்கப்புறம்தான் மெதுவா மனுஷங்களோட ஆடற ஆர்மி ஆச்சு. அதே நேரத்துல டெத் கார்டு, வோட்டன்னு ரெண்டு ஃபேக்ஷனும் டேபிளோட அடியில கிடந்தாங்க, அவங்க ரெண்டு பேரும் பின்னாடி மேல வந்தாங்க.

இதுலேருந்து ஒரு பழக்கம் வச்சுக்கங்க. ஒரு ஃபேக்ஷன் மேல இருந்தா ஏன் மேல இருக்குன்னு கண்டுபிடிங்க. ஒரே ஒரு விதியால, ஒரே ஒரு யூனிட்டால மேல இருந்தா அது சீக்கிரம் இறங்கும். பல விதமான லிஸ்ட் ஜெயிச்சுக்கிட்டு இருந்தா அது கொஞ்ச நாள் நிக்கும்.

புது கோடெக்ஸை (ஒரு ஃபேக்ஷனோட விதிப் புஸ்தகம்) விக்கறதுக்காகவே வேணும்னே பலமா விடறாங்கன்னு ஒரு புலம்பல் எப்பவும் இருக்கும். அதுல உண்மை இல்லாம இல்ல, 2019 அக்டோபர்ல ஸ்பேஸ் மரீன்ஸ்ல அயர்ன் ஹேண்ட்ஸ்ங்கற பிரிவுக்குப் புஸ்தகம் வந்தப்ப ரொம்ப மோசம், சில வாரத்துலயே திருத்தம் போட வேண்டியதாச்சு. 2022ல வோட்டன் இன்னும் வேடிக்கை, கோடெக்ஸ் ஆர்மி பாக்ஸோட மட்டும் வெளிய வந்துச்சு, மிச்ச மாடலெல்லாம் தனித்தனியா கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே பாயிண்ட்ஸ் ஏத்திட்டாங்க. ஆனா 10ஆவது எடிஷன்ல அடெப்டஸ் மெக்கானிகஸ் கோடெக்ஸ் வந்தப்ப அதை ஆடறவங்க எல்லாம் அழுதாங்க, அவ்வளவு சப்பையா இருந்துச்சு. விக்கணும்னு பலமா விடறவங்க அதை ஏன் அப்படி விட்டாங்க? என் கணிப்புல இது சதி இல்ல, பல மாசம் முன்னாடியே அச்சுக்குப் போற புஸ்தகத்தை வச்சுக்கிட்டு ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல ஆடற ஆளுங்களை முந்த முடியாது, அவ்வளவுதான்.

50க்கும் 55க்கும் நடுவுல என்ன இருக்கு

பாக்க சின்ன வித்தியாசமா தெரியும். டோர்னமென்ட்ல அது பெருகும். அஞ்சு ரவுண்டு, அதாவது அஞ்சு கேம், ஆடற டோர்னமென்ட்ல ஒவ்வொரு கேமும் 50 சதவீதம்னா அஞ்சும் ஜெயிக்க வாய்ப்பு 32ல 1, அதாவது 3 சதவீதம். 55னா 5 சதவீதம். 60னா கிட்டத்தட்ட 8. 65ன்னா 11க்கு மேல. நாலு ஜெயிச்சு ஒண்ணு தோக்கறது அல்லது அதைவிட நல்லா முடிக்கறது எடுத்துக்கிட்டா, 45 சதவீத ஆர்மிக்கு 100ல 13 பேரு, 50க்கு 19 பேரு, 55க்கு 26 பேரு. கம்பெனி "சரியா இருக்கு"ன்னு சொல்ற அந்த 45க்கும் 55க்கும் நடுவுலயே ரெண்டு மடங்கு இருக்கு பாருங்க.

இதனாலதான் விவரம் தெரிஞ்சவங்க வின் ரேட்டோட இன்னொரு நம்பரும் பாப்பாங்க, ஓவர்ரெப்னு சொல்வாங்க. டோர்னமென்ட்டுக்கு வந்தவங்கள்ல 10 சதவீதம் அந்த ஃபேக்ஷன், நல்லா முடிச்சவங்கள்ல 20 சதவீதம் அந்த ஃபேக்ஷன்னா ஓவர்ரெப் 2. ஓவர்ரெப் 1க்குப் பக்கத்துல இருந்தா நியாயமா இருக்குன்னு அர்த்தம். வின் ரேட் 49, ஓவர்ரெப் 1.5ன்னு ஒரு ஃபேக்ஷன் இருந்தா, நல்லா தெரிஞ்சவங்க கையில அது கொல்லுது, தெரியாதவங்க கையில அது சாகுதுன்னு புரிஞ்சுக்கலாம். வின் ரேட் 53, ஓவர்ரெப் 0.8னா சின்னப்பசங்களை மட்டும் அடிக்கும், மேல போனா திணறும். புதுசா வர்ற உங்களுக்கு ரெண்டாவது வகைதான் வசதி, இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

கூடவே ஒண்ணு, டோர்னமென்ட் எல்லாம் ஸ்விஸ் முறை. முதல் ரவுண்டு குருட்டாம்போக்குல ஜோடி போடுவாங்க, அப்புறம் ஜெயிச்சவர் ஜெயிச்சவரோட, தோத்தவர் தோத்தவரோட. அதனால பலமான ஃபேக்ஷன் மேல போகப் போக இன்னொரு பலமானதோட மோதி நம்பர் கீழ வரும், பலவீனமானது கீழ இருக்கறவங்களோட மோதி கொஞ்சம் தேறும். டேபிள்ல தெரியற இடைவெளியைவிட நிஜ இடைவெளி கொஞ்சம் பெருசுன்னு எடுத்துக்கங்க.

ஃபேக்ஷனுக்குள்ள பாருங்க

10ஆவது எடிஷன்ல ஒரு ஃபேக்ஷனுக்குள்ளயே பல டீட்டாச்மென்ட், அதாவது படையை ஆடற பாணி, இருக்கு, எதைத் தேர்ந்தெடுக்கறீங்களோ அதோட தனி விதி, ஸ்ட்ராட்டஜம்ங்கற தந்திரம்தான் உங்களுக்கு, மத்த டீட்டாச்மென்ட்டோடது கிடையாது. 2024 டிசம்பர்ல கிரோட்மாஸ்னு சொல்லி ஃபேக்ஷனுக்கு ஒண்ணாவதுன்னு இலவசமா டீட்டாச்மென்ட் விட்டாங்க, ஒரே மாசத்துல டேபிளே கலங்கிப் போச்சு. ஃபேக்ஷன் 50னு இருக்கும், உள்ள பாத்தா ஒரு டீட்டாச்மென்ட் 56, இன்னொண்ணு 41. அட்டைல நல்லா இருக்கற படம் பாத்து 41ஐ எடுத்துட்டு "டேபிள்ல 50ன்னு போட்டிருந்தாங்களே"ன்னு கேட்டா என்ன சொல்றது.

டெரெய்னும், அதாவது போர்டு மேல வைக்கற கட்டடமும், அப்படித்தான். இந்த எடிஷன்ல இடிஞ்ச கட்டடத்துக்குள்ள இருக்கறவங்களைப் பாக்கலாம், ஆனா கட்டடத்தோட அடித்தளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் பாக்க முடியாது. கட்டடம் நெருக்கமா இருந்தா சுடற ஆர்மிக்குக் கை கட்டிப் போட்ட மாதிரி, ஓடிப்போய் அடிக்கற ஆர்மிக்குக் கல்யாணம். டபிள்யூடிசின்னு நாடுகளுக்கு நடுவுல நடக்கற டீம் சாம்பியன்ஷிப்புக்கு ஒரு லேஅவுட், இங்கிலாந்துல சிலருக்கு ஒரு லேஅவுட், கேம்ஸ் வொர்க்ஷாப் போட்ட லேஅவுட் வேற. டௌ மாதிரி தூரத்துலேருந்து சுடறவங்க நம்பர் இந்த மூணுலயும் ஒரே மாதிரி இருக்காது. உங்க பக்கம் எந்த லேஅவுட்ல ஆடறாங்கன்னு கேட்டுட்டு டேபிளைப் படிங்க. டீம் போட்டி ரிசல்ட்டைத் தனி ஆள் டேபிளோட சேத்துப் பாக்கவே பாக்காதீங்க, அங்க யாரு யாரோட மோதணும்னு கேப்டன்கள் பேரம் பேசி முடிவு பண்றாங்க, உங்க ஆர்மிக்கு ஆகாத ஆளை வேற ஒருத்தர் தலைல கட்டலாம்.

இன்னொரு மறைஞ்ச விஷயம் நேரம். ரவுண்டுக்கு மூணு மணி நேரம் பக்கம், ஆளுக்குப் பாதின்னு செஸ் கிளாக் வைப்பாங்க. 120 ஓர்க்ஸ் பொம்மையை நகத்தறதுக்கும் அஞ்சு ராட்சச நைட் பொம்மையை நகத்தறதுக்கும் ஒரே நேரம்தான். கூட்டமா வர்ற லிஸ்ட் காகிதத்துல ஜெயிக்கும், கிளாக்ல தோக்கும்.

ஜெயிச்ச லிஸ்டை எப்படிப் படிக்கறது

லாஸ் வேகாஸ் ஓப்பன், அடெப்டிகான், லண்டன் ஜிடி மாதிரி பெரிய இடத்துல ஜெயிச்ச லிஸ்ட் எல்லாம் வெளிய வரும். ஒண்ணை மட்டும் எடுத்து காப்பி அடிக்காதீங்க, அது அந்த ஆளு நூறு கேம் ஆடி அவர் கைக்குத் தைச்ச சட்டை. ஒரே டீட்டாச்மென்ட்ல நாலஞ்சு லிஸ்ட் எடுங்க, முக்கியமா மூணு ஜெயிச்சு ரெண்டு தோத்த லிஸ்டும் ரெண்டு எடுங்க. பக்கத்துல பக்கத்துல வச்சு எல்லாத்துலயும் இருக்கற யூனிட்டுக்கு அடிக்கோடு போடுங்க. பொதுவா 1,200லேருந்து 1,400 பாயிண்ட்ஸ் வரைக்கும் எல்லாத்துலயும் ஒண்ணாவே இருக்கும், அதுதான் ஆர்மியோட எலும்பு, மிச்சம் அவங்கவங்க ருசி. எலும்பை மட்டும் முதல்ல வாங்குங்க. ஜெயிச்ச லிஸ்ட்லயும் தோத்த லிஸ்ட்லயும் அதே சாமான்தான் இருக்குன்னா, ஜெயிச்சதுக்குக் காரணம் சாமான் இல்லன்னும் அங்கேயே தெரிஞ்சிடும்.

வாங்கறதுக்கு முன்னாடி அட்டை வெட்டுங்க

இது யாரும் செய்யாத, ஆனா செய்ய வேண்டிய வேலை. பழைய அட்டைப்பெட்டி எடுத்து 32 மில்லிமீட்டர் வட்டமா வெட்டுங்க, இன்டர்செஸர் பேஸ் அந்த சைஸ்தான், டெர்மினேட்டருக்கு 40. மேல பேர் எழுதி, சாப்பாட்டு மேசைல புஸ்தகத்தை அடுக்கி கட்டடம் பண்ணி, வீட்டுல யாரையாவது உக்கார வச்சு ரெண்டு மூணு கேம் ஆடிப் பாருங்க. ஆள் இல்லன்னா டேபிள்டாப் சிமுலேட்டர் இருக்கு, கம்ப்யூட்டர்ல ஆடலாம், பெரிய டீமெல்லாம் அதுலதான் பிராக்டிஸ் பண்றாங்க. நம்ம பக்கம் இருந்து வாங்கறவங்களுக்கு பெட்டி விலையோட ஷிப்பிங், சுங்க வரின்னு தனியா அழ வேண்டியிருக்கு, பத்து ரூபா அட்டைல தெரிய வேண்டியதை அவ்வளவு செலவு பண்ணித் தெரிஞ்சுக்க வேணாம்.

ஆடிப் பாக்கும்போது ஜெயிச்சீங்களான்னு பாக்காதீங்க. மூணாவது ரவுண்டுலயும் சலிப்பு வராம இருக்கா, அதைப் பாருங்க. அப்புறம் எத்தனை பொம்மை பெயிண்ட் அடிக்கணும்னு எண்ணுங்க. கஸ்டோடிஸ், நைட்ஸ் எல்லாம் 2,000 பாயிண்ட்ஸுக்கு ரொம்ப கொஞ்சம் மாடல், இம்பீரியல் கார்டு, ஓர்க்ஸ்னா 100 தாண்டும். வாரத்துக்கு அஞ்சு மாடல் பெயிண்ட் அடிக்கறவர்னா 100க்கு 20 வாரம், அதாவது அஞ்சு மாசம், அதுக்குள்ள டேட்டாஸ்லேட் ஒண்ணாவது வந்து போயிருக்கும், ரெண்டும் வரலாம். இந்தக் கணக்கைப் போட்டப்பறம் டேபிள்ல முதல் இடத்துல யாரு இருக்கான்னு பாக்கறதுல அர்த்தம் இருக்கான்னு நீங்களே சொல்லுங்க. 45லேருந்து 55க்குள்ள இருக்கறதுல பாக்கப் பிடிச்சதை எடுங்க, பெயிண்ட் அடிக்கும்போது தினமும் அந்த மூஞ்சியைத்தான் பாக்கப் போறீங்க.

முதல் டோர்னமென்ட்

ஆர்டிடின்னு ஒருநாள், மூணு ரவுண்டு டோர்னமென்ட்டுக்குப் போங்க, ரெண்டு நாள் அஞ்சு ரவுண்டு ஜிடி முதல்லயே வேணாம், இடுப்பு போயிடும். டைஸ், இன்ச் டேப், லிஸ்ட் பிரிண்ட் ரெண்டு, உங்க டேட்டாஷீட், தண்ணி பாட்டில், இவ்வளவு போதும். ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எதிராளிகிட்ட கட்டடம் எது எது பார்வையை மறைக்கும்னு பேசி முடிவு பண்ணிக்கங்க, பாதி சண்டை அங்கதான் வரும். "புதுசு அண்ணா, உங்க ஆர்மில நான் பயப்பட வேண்டியது எது"ன்னு வாயத் திறந்து கேளுங்க, பெரும்பாலும் சந்தோஷமா சொல்லுவாங்க, கேக்கலன்னா மூணாவது ரவுண்டுல அவங்க ஆர்மியே சொல்லும்.

ஒவ்வொரு கேம் முடிஞ்சதும் ஒரு நோட்டுல நாலு வரி எழுதுங்க: எதிர் ஃபேக்ஷன், டீட்டாச்மென்ட், மார்க் எவ்வளவுக்கு எவ்வளவு, எந்த ரவுண்டுல ஆட்டம் கையை விட்டுப் போச்சு. பத்துப் பதினஞ்சு கேம் சேந்ததும் எடுத்துப் பாத்தா பெரும்பாலும் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு ரெண்டாவது ரவுண்டுல நடு ஆப்ஜெக்டிவுக்கு எல்லாத்தையும் அனுப்பிட்டு வீட்டு ஆப்ஜெக்டிவைத் தனியா விட்டுடறது. அதை எந்த டேட்டாஸ்லேட்டும் சரி பண்ணல.

அந்தப் பாதி பெயிண்ட் அடிச்ச ஆர்மி போன வருஷம் மறுபடியும் 54க்கு வந்துச்சு. மிச்சப் பாதி இன்னும் பிரைமரோட பீரோ மேல இருக்கு.